எழுத்தின் ஒருமையும் எண்ணுகிறவனும்

பல அவயவங்கள் கூடி நிற்கும் ஒரு பொருளை ‘ஒன்று’ என்று நாம் சொல்லும்போது, அந்த ஒருமை பொருளிடத்தே இருக்கிறதா, அவயவங்களிடத்தே பிரிந்து கிடக்கிறதா, அல்லது பார்க்கிறவனுடைய புத்தியில் மட்டும் உதிக்கின்ற கற்பனைதானா என்பது இந்நாட்டுத் தத்துவ சாஸ்திரங்கள் நூற்றாண்டுக் கணக்காக வாதித்து வந்த விஷயம். தேரை முன்னிட்டும், நூலால் நெய்த ஆடையை முன்னிட்டும், இந்தச் சரீரத்தை முன்னிட்டும் அந்த வாதம் நடந்திருக்கிறது. ஆனால் அது மிகக் கூர்மையாக நடந்தது எழுத்தையும் சொல்லையும் முன்னிட்டேயாகும். அந்த வாதம் ஓய்ந்துபோன பழங்கதை என்று எண்ணுகிறவர்கள், சி என்னும் கணினி மொழியில் நாலைந்து தமிழ்ப் பெயர்களைப் பத்தி பத்தியாக அச்சிட்டுப் பார்க்கலாம்.

திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த கே.ஜி.கண்டிகையில் ஒரு மாணவன், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறப் போகிற ஊராரின் பெயர்களைப் பட்டியலாக அச்சிட விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். நையாயிகர்கள் மடைப்பள்ளியைத் திருஷ்டாந்தமாகக் கொண்டதுபோல நாம் இவனைக் கொள்வதில் தவறில்லை. பெயருக்கு 20 இடம், அதற்கு மேல் ஊர்ப் பெயர் என்று அவன் பிரிண்ட்எஃப் என்னும் செயற்கூற்றுக்குக் கட்டளையிடுகிறான். சோதனைக்காக முதலில் ஸ்வாமியின் நாமங்களையே இடுகிறான். சரவணபவ என்பது ஆறெழுத்து. அதன்பின் 14 வெற்றிடம் வரவேண்டும், ஆனால் இரண்டே வருகின்றன. வள்ளி மூன்றெழுத்து, 17 வரவேண்டிய இடத்தில் ஐந்து வருகின்றன. நான்கெழுத்தான முருகன் என்ற பெயருக்குப் பின்னாலோ வெற்றிடமே இல்லை. ஊர்ப் பெயர் வந்து முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பத்திகள் நேராக நிற்கவில்லை என்பது அவனுடைய குறை. ‘எதை ஒன்று என்று எண்ணச் சொன்னாய்?’ என்பது யந்திரம் அவனைத் திருப்பிக் கேட்காமல் கேட்கின்ற கேள்வி.

டென்னிஸ் ரிட்சி 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல் ஆய்வுக்கூடத்தில் சி மொழியை உருவாக்கியபோது, ஓர் எழுத்தும் ஒரு பைட்டும் வேறல்ல என்ற அபேத பாவனை அங்கே இயல்பாக இருந்தது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது பொய்யும் அன்று. பின்னர் 1991-இல் வெளிவந்த யூனிகோடு, உலகத்து லிபிகளுக்கெல்லாம் எண்களை வழங்கத் தொடங்கியபோது தமிழுக்கு 2944 முதல் 3071 வரை ஒதுக்கியது. 1992 செப்டம்பரில் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் நியூ ஜெர்ஸியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதுகின்ற யுடிஎஃப்-8 முறையை வகுத்தார்கள். யூனிகோடில் ககரத்தின் குறியெண் 2965. யுடிஎஃப்-8 முறையில் அது நினைவகத்தில் 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளாகக் கிடக்கும். ஆகவே திருத்தணி என்ற சொல் நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடுக்கு 9 குறியெண், பிரிண்ட்எஃபுக்கு 27 பைட்டு. முருகன் நான்கு, ஏழு, 21. சரவணபவ என்னும் ஷடாக்ஷரம் மட்டும், அகரம் ஏறிய எழுத்துகளாலேயே ஆனதால், நம் கணக்கிலும் ஆறு, யூனிகோடின் கணக்கிலும் ஆறு என்று நிற்கிறது. பக்தர்கள் இதில் ஒரு சூசகம் காணலாம்; நான் அவ்வளவு தூரம் போகத் துணியவில்லை.

இந்த மூன்று கணக்குகளுள் எது உண்மை என்று கேட்குமிடத்தில்தான் சாஸ்திரம் உதவிக்கு வருகிறது. பசுவைக் குறிக்கும் ‘கௌ:’ என்ற வடசொல்லிலே சொல் என்பது யாது என்ற வினாவை எழுப்பிய மீமாம்ஸை பாஷ்யகாரர் சபரர், தமக்கு முந்திய உபவர்ஷரின் மதத்தை எடுத்துக்காட்டி, அதிலுள்ள ககாரமும் ஔகாரமும் விஸர்க்கமுமே சொல், அவற்றுக்கு மேற்பட்டு வேறொன்று இல்லை என்று முடிவு செய்தார். எழுத்தோ உச்சரித்த க்ஷணத்தில் அழிகிறது. மூன்றாம் எழுத்து வரும்போது முதல் எழுத்து இல்லை. அப்படியாயின் மூன்றும் சேர்வது எங்கே என்ற ஆக்ஷேபத்துக்கு, முன் எழுத்துகள் விட்டுச் சென்ற ஸம்ஸ்காரத்தோடு கூடிய கடைசி எழுத்தே பொருளை உணர்த்தும் என்பது மீமாம்ஸகர்களின் ஸமாதானம். வாக்யபதீயம் செய்த பர்த்ருஹரி இதை ஏற்கவில்லை. துண்டுகளாகக் கேட்பது த்வனியே என்றும், அதனால் வெளிப்படுவது துண்டுபடாத ஸ்போடம் என்றும் அவர் கொண்டார். மீமாம்ஸகரான குமாரிலர் தம் சுலோகவார்த்திகத்தில் ஸ்போடத்துக்கென்றே ஒரு பகுதியை வகுத்து அதனை மறுத்தார்.

திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் எழுதிய பிரம்மசூத்திரத்தின் முதல் அத்தியாயத்திலே தேவதாதிகரணம் என்று ஒரு பகுதி உண்டு. தேவர்களுக்குச் சரீரம் உண்டா, உண்டெனில் அழியும் சரீரமுடைய தேவனைக் குறிக்கும் வேதச்சொல் எப்படி நித்தியமாகும் என்ற விசாரணை நடக்கின்ற அந்த இடத்தில்தான் சங்கரரும் ஸ்போட வாதத்தை எடுத்துக்கொண்டு, உபவர்ஷரின் பக்கம் சேர்கிறார். எழுத்துகளே சொல், எறும்புகள் முறைப்படி ஊர்ந்து செல்லும்போது அவற்றை ஒரு வரிசை என்றும், பல மரங்களைக் காடு என்றும், பல வீரர்களைச் சேனை என்றும் ஏக புத்தி கொண்டு வழங்குவதுபோல, முறையாக வந்த எழுத்துகளில் ‘ஒரு சொல்’ என்ற புத்தி உண்டாகிறது, அதற்காக எழுத்துகளுக்கு அப்பால் ஓர் அகண்டப் பொருளைக் கற்பிக்க வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. பிரபஞ்சம் முழுவதற்கும் அகண்டமான ஒரே வஸ்துவை ஸ்தாபிக்க வந்த ஆசாரியர், ஒரு சொல்லுக்கு அந்த அகண்டத்தை மறுத்தது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருந்திருக்கிறது.

பிரிண்ட்எஃப் உபவர்ஷரின் கட்சி என்பது வெளிப்படை. அதற்குப் பைட்டுகளே உண்டு, வேறொன்றும் இல்லை. 10 பைட்டுக்கு மேல் அச்சிடாதே என்று அளவு விதித்து முருகன் என்ற பெயரைக் கொடுத்தால், அது ‘முர’ என்பதற்குரிய ஒன்பது பைட்டுகளை அச்சிட்டு, அடுத்து வரும் உகரக் குறியின் 224, 175, 129 என்னும் மூன்றிலே 224 என்ற முதலாவதை மட்டும் பத்தாவதாக வெளியே தள்ளிவிட்டு, கடமை முடிந்தது என்று நின்றுவிடும். உள்ளீட்டுக்குரிய ஸ்கேன்எஃப் செய்வது இதனினும் விசித்திரம்: 10 பைட்டு வாங்கு என்று சொன்னால் அதே பத்தை வாங்கிக்கொண்டு, மிஞ்சிய 175, 129 ஆகியவற்றை உள்ளீட்டு ஓடையிலேயே விட்டுவைக்கும், அடுத்து வாங்கப்படும் எழுத்துச்சரம் அந்த இரண்டோடு பிறக்கும். பூர்வ கர்மத்தின் சேஷத்தோடு ஜீவன் பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சரத்துக்கு அந்தச் சேஷம் தான் செய்தது அன்று என்பதுவும் நினைக்கத்தக்கது.

ஆயினும் அவ்வாறு தனித்து விடப்பட்ட 224-ஐச் சற்று நின்று நோக்க வேண்டும். அது வெறும் எண் அன்று. யுடிஎஃப்-8 வகுத்த விதிப்படி, 224 என்ற பைட்டு வந்தால் அதன் பின்னே இன்னும் இரண்டு பைட்டுகள் வந்தே தீரவேண்டும்; அவற்றுள் முதலாவது 160 முதல் 191 வரையிலும், இரண்டாவது 128 முதல் 191 வரையிலும் இருக்க வேண்டும்; நடுவே வேறெதுவும் புகலாகாது. வாக்கியத்தில் பொருளுணர்வு தோன்றுவதற்கு ஆகாங்க்ஷை, யோக்கியதை, ஸந்நிதி என்று மூன்று நிமித்தங்களை நம் சாஸ்திரக்காரர்கள் சொன்னார்கள்: ஒரு பதம் மற்றொன்றை அவாவி நிற்பது, அவாவிய இடத்தில் வருவது தகுதியுடையதாக இருப்பது, இரண்டும் இடையீடின்றி அடுத்து நிற்பது. 224 இரண்டை அவாவுகிறது, தகுதியற்றது வந்தால் அதை ஒதுக்குகிறது, இடைவெளியைப் பொறுப்பதில்லை. வாக்கியத்துக்குச் சொன்ன லக்ஷணம் ஓர் எழுத்தின் அணுவுக்குள்ளும் பொருந்துகிறது.

மீமாம்ஸகர்களின் ஸம்ஸ்காரத்துக்கும் அங்கே இடம் உண்டு. சி மொழியின் தரநூலில் 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த செயற்கூறுகளில் ஒன்று, பைட்டுகளை வரவர வாங்கி எழுத்தாக்கித் தருவது. தான் பாதி வாங்கிய நிலையை நினைவில் வைப்பதற்கென்று ஒரு சிறு பாத்திரமும் அதற்குத் தனியே கொடுக்கப்பட்டிருக்கிறது. 224-ஐக் கொடுத்தால், பிழை என்று சொல்லாமல் ‘இன்னும் நிறையவில்லை’ என்ற விடையைத் தரும். 174-ஐக் கொடுத்தாலும் அதே விடை. 149-ஐக் கொடுத்த அந்த க்ஷணத்தில் ககரம் வெளிப்படும். முன் வந்த இரண்டும் போய்விட்டன. அவற்றின் வாசனையோடு கூடிய கடைசிப் பைட்டே எழுத்தைத் தந்தது. பிழையானதற்கு ஒரு விடை, முற்றுப்பெறாததற்கு வேறொரு விடை என்று அந்தச் செயற்கூறு பிரித்து வைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். மனிதர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் எத்தனையோ தர்ம சாஸ்திரிகளுக்கு அந்தப் பாகுபாடு தோன்றியதில்லை.

சங்கரரிடமிருந்து நான் பணிவோடு விலகுவது இங்கேதான். காட்டிலுள்ள ஒரு மரம் மற்ற மரங்களை அவாவுவதில்லை. காட்டை விட்டுத் தனியே நின்றாலும் அது குறைவற்ற மரமே. தனித்த 224 அப்படியன்று. அது தன் குறையைத் தானே அறிவிக்கிறது. ஆகவே எழுத்தின் ஒருமை பார்ப்பவனுடைய புத்தியில் மட்டும் எழுந்தது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவயவத்துக்குள்ளேயே முழுமையை நோக்கிய ஓர் ஆகாங்க்ஷை இருக்கிறது, புத்தி அதை நிறைவேற்றி வைக்கிறது என்று சொல்வதே பொருந்தும். அந்த ஆகாங்க்ஷையும் ஓர் அறிவுடையவன் வைத்த விதியால் வந்ததல்லவா என்று கேட்டால், ஆம், வந்ததுதான். சைவ சித்தாந்திகளிடம் கேட்டுப் பாருங்கள், உயிர்க்குள் முதல்வனை நோக்கிய விழைவை முதல்வனே எழுப்பினான் என்பதில் அவர்களுக்கு லஜ்ஜை எதுவும் இல்லை.

ஆந்திரத்தை ஒட்டிய திருத்தணி எல்லைப்புறத்துக்கு இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. 224 தமிழுக்கு மட்டும் உரியது அன்று. தெலுங்கெழுத்துகளும் 224 என்றே தொடங்குகின்றன. அடுத்த பைட்டு 174 அல்லது 175 ஆனால் தமிழ், 176 அல்லது 177 ஆனால் தெலுங்கு. ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு எங்கே விழ வேண்டும் என்று அத்தனை ஆண்டுகள் வழக்காடிய இரண்டு மொழிகளும் யந்திரத்தினுள்ளே முதல் அடியை ஒரே வாசலில்தான் வைக்கின்றன. பத்தாவது பைட்டில் வெட்டுண்டு நின்ற அந்த 224-ஐப் பார்த்து, அது முருகனுக்காக வந்ததா, சுப்ரஹ்மண்யேஸ்வரனுக்காக வந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

பைட்டைக் கணக்கிடும் செயற்கூறுகளுக்குத் துணையாக, குறியெண்ணையே ஒன்றென்று கொள்ளும் அகல எழுத்துச் செயற்கூறுகளும் அதே 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தன; டபிள்யூபிரிண்ட்எஃப் அவற்றுள் ஒன்று. இதில் முருகனுக்குப் பின் 13 வெற்றிடம் வரும். சரியான 16 வரவில்லை எனினும் பெயர்கள் ஒட்டிக்கொள்ளும் அவலம் நீங்குகிறது. ஆனால் அதற்கு முன் நிரல் ஒரு ஸங்கல்பம் செய்தாக வேண்டும். எந்த தேசத்தில், எந்த பாஷையில் இருந்துகொண்டு இந்தக் காரியத்தைச் செய்கிறேன் என்பதை செட்லொகேல் என்ற அழைப்பால் முதலில் சொல்லாவிட்டால், நிரல் எங்கே ஓடினாலும் சி என்னும் பெயருடைய பூர்விக லொகேலிலேயே விழித்தெழும். அதில் தமிழை அச்சிடச் சொன்னால் வினாக்குறிகளை உதிர்க்கும், அல்லது தோல்வியைத் தெரிவித்துவிட்டு நிற்கும். தேசத்தையும் காலத்தையும் சொல்லி ஸங்கல்பம் செய்யாத பூஜை நிஷ்பலம் என்று புரோகிதர்கள் சொல்வதை ஒருகாலத்தில் வெறும் சடங்கு என்று நினைத்திருந்தவர்களும், கேள்விக்குறிகள் நிறைந்த ஒரு திரையைப் பார்த்தபின் சற்றுத் தயங்குவார்கள். அன்றியும், ஓர் ஓடையில் முதலில் பைட்டு முறையில் எழுதிவிட்டால் அந்த ஓடை அந்த முறைக்கே தீக்ஷை பெற்றதாகிவிடும். பிறகு அதில் அகல எழுத்துகளை எழுத முடியாது. ஓடையையே மறுபடி திறந்தாலன்றி அந்த தீக்ஷை நீங்காது.

பிரிண்ட்எஃபுக்கே அகல எழுத்துச் சரத்தைக் கொடுத்து, 10 பைட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னால், அது ஒருபோதும் அரைகுறைக் குறியெண்ணை வெளியிடாது என்பது தரநூலின் விதி; முருகனுக்கு ‘முர’ என்ற ஒன்பது பைட்டுகளோடு நின்றுவிடும். பைட்டின் மட்டத்தில் அது கருணைதான். ஆனால் ரு என்ற எழுத்திலிருந்து உகரத்தை உரித்துவிட்டு ரகரத்தை நிறுத்திய அந்தக் கருணையைத் தமிழறிந்தவன் ஏற்பானா? ஒரு மட்டத்தில் பூரணமானது அடுத்த மட்டத்தில் ஊனமாகிறது.

மெய்யெழுத்தைப் பற்றிய சிக்கல் இதனினும் ஆழமானது. தொல்காப்பியர், புள்ளி பெற்று நிற்பதையே மெய்யின் இயற்கை என்றார். புள்ளி நீங்கியபோது அகரம் கூடி உயிர்மெய்யாகும் என்பது அவர் வைத்த முறை. யூனிகோடோ அகரம் ஏறிய ககரத்தையே முதலாக வைத்துக்கொண்டு, 3021 என்ற குறியெண்ணால் புள்ளியை அதன்மேல் இட்டு, உயிரை நீக்கி மெய்யாக்குகிறது. ஆதலால் ககரம் மூன்று பைட்டு, அதனினும் எளிய க் என்பது ஆறு. எளிமைக்கு இரட்டிப்பு விலை என்று தமிழ்க் கணிஞர் பலர் மனம் வருந்தினார்கள். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருகின்ற டேஸ்-16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. வழக்கில் நின்றது யூனிகோடே. இலக்கணத்தின் முறை தர்க்கத்தின் முறை: சுத்தமான இரண்டு முதலில் உண்டு, பின்பு கூடின. யூனிகோடின் முறையை அனுபவத்தின் முறை என்று சொல்லலாம்: நமக்குக் கிடைப்பது எப்போதும் கூட்டே, சுத்தம் என்பது கூட்டிலிருந்து ஒன்றை நீக்கிப் பெறுவது. ஆன்மா அநாதியே மலத்தோடு கூடியது, சுத்த நிலை நீக்கத்தால் வருவது என்று மெய்கண்டார் மரபினர் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது என்பதற்காக யூனிகோடை வகுத்தவர்கள் சித்தாந்தம் படித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. இந்திய லிபிகள் அனைத்துக்கும் ஒரே அச்சு வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணம், தமிழின் தனி இயல்பைக் கவனியாமல் போனதில் வந்தது அது. அந்தக் குறையை நான் மன்னிக்கிறேனே தவிர மறுக்கவில்லை.

ஏட்டுச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இட்டதில்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். க என்று எழுதியிருப்பது ககரமா, ககர மெய்யா என்பதை உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் சொல்லையும் யாப்பையும் கொண்டு உள்ளத்தில் நிரப்பிப் படித்தார்கள். அவர்கள் சுமந்து வந்த பயிற்சியே அங்கே லொகேல்.

மந்திரத்தின் விஷயத்தில் இந்த எண்ணிக்கைச் சிக்கல் பக்தனையும் நெருங்கி வருகிறது. தகப்பனுக்கே குருவாகிப் பிரணவத்தை உபதேசித்தவன் என்று முருகனைப் போற்றுகிறோம். அந்தப் பிரணவத்தை ஓம் என்று எழுதினால் மூன்று குறியெண்கள், 9 பைட்டு. அகார உகார மகாரங்கள் மூன்று என்ற கணக்குக்கு இது தற்செயலாக இசைகிறது. ஆனால் ௐ என்ற தனி வடிவத்துக்கும் 2008-இல் 3024 என்ற ஒரே எண் கொடுக்கப்பட்டது. அது பிளவுபடாதது, மூன்றே பைட்டு. நாவுக்கும் செவிக்கும் இரண்டும் ஒன்றே. சரங்களை ஒப்பிடும் செயற்கூறுக்கு இரண்டும் வேறு. கோயில் என்ற சொல்லின் முதலெழுத்துக்கும் இதே கதி: ஓகாரக் குறியை 3019 என்று ஒரே எண்ணாலும் எழுதலாம், 3015, 3006 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம்; திரையில் அணுவளவும் பேதம் தெரியாது; இரண்டும் ஸமம் என்று யூனிகோடே விதித்திருக்கிறது; யந்திரம் மட்டும், ஒன்றைத் தேடினால் மற்றது இல்லை என்று சாதிக்கும். ஸ்வரம் பிழைத்த மந்திரம் ஜபித்தவனையே கெடுக்கும் என்று பயப்படுகிற வைதிக மரபும், மரா மரா என்று தலைகீழாகச் சொன்ன வேடனையும் ராமநாமம் கரையேற்றியது என்று மகிழ்கிற பக்தி மரபும் நம்மிடம் சேர்ந்தே இருக்கின்றன. பைட்டு ஒப்பீடு முன்னதைச் சேர்ந்தது; பின்னதற்கு இன்னும் எவரும் முழுதாகச் செயற்கூறு எழுதவில்லை.

கண்டிகை மாணவனின் பட்டியலுக்கு வருவோம். சி மொழியின் தரநூலகத்தில், நாம் எண்ணுகிற முறையில் எழுத்தை எண்ணும் செயற்கூறு கிடையாது. குறியெண்களை வரிசையாக நோக்கி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் முன்னெழுத்தோடு சேர்த்துக்கொண்டு அவனே எண்ண வேண்டும். வெறும் தமிழ்ப் பெயர்களுக்கு இது போதும். எல்லைப்புற ஊர்களின் வழக்கப்படி அவன் ஒவ்வொரு பெயரையும் தமிழில் ஒரு பத்தியிலும் தெலுங்கில் ஒரு பத்தியிலும் இடுகிறான் என்றும், பட்டியலில் ஒரு லக்ஷ்மி வருகிறாள் என்றும் கொள்வோம். தமிழில் அந்தப் பெயர் 7 குறியெண், 21 பைட்டு. தெலுங்கிலும் அதே 7, அதே 21. அவயவங்களில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. ஆனால் 2023-இல் வெளிவந்த யூனிகோடு 15.1, தெலுங்கு முதலான சில லிபிகளில் அடுக்கி எழுதும் கூட்டெழுத்தை ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று விதித்தது. தமிழை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே விதியின்படி அந்தப் பெயர் தெலுங்கில் இரண்டெழுத்து, தமிழில் நான்கெழுத்து. தமிழிலும் அச்செழுத்து க்ஷகரத்தைப் பிணைத்துக் காட்டுவதால் கண்ணுக்குத் தெரிவது மூன்று. இரண்டு பத்திகளும் நேராக நிற்க வேண்டுமானால் அவன் இரண்டு வேறு கணக்குகளை எழுதியாக வேண்டும். தமிழ்ப் பத்தியில் மூன்று என்று வைப்பதா, நான்கு என்று வைப்பதா என்பதைச் சி மொழியின் தரநூல் அவனுக்குச் சொல்லாது. அந்தப் பெயருடைய மூதாட்டி ஒருத்தியை அவன் கேட்டுப் பார்க்கலாம். அவளுக்கு இரண்டு லிபியும் தெரிந்திருந்தால், எந்த லிபியில் கேட்கிறாய் என்று அவள் முதலில் அவனைக் கேட்பாள்.